பாட்டில்லாத பூர்வீகம்

பங்குனி உத்திரத்தன்று கங்கைகொண்டானைக் கடந்து போகும் நான்குவழிச் சாலையில் விடியற்காலை முதலே வேன்கள் வரிசை கட்டும். சென்னையிலும் கோவையிலும் மும்பை தாராவியிலும் குடியேறிவிட்ட நெல்லைக் குடும்பங்கள், பாத்திரம் பண்டம், அரிசி மூட்டையோடு தெற்கே இறங்கிக்கொண்டிருக்கும். சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்டு பார்க்கும் உள்ளூர்ப் பிள்ளைகள் அன்றைக்கு லீவு கேட்டு மேலாளர் முன்னால் நிற்பார்கள். இவர்கள் போகும் இடங்கள் பெரும்பாலும் வரைபடத்தில் பெயர் இல்லாதவை: ஒரு குளத்தங்கரை, ஒரு தேரிக்காடு, பனைவிளைக்கு நடுவே ஒரு பீடம். அங்கே குலதெய்வமான சாஸ்தா இருப்பார். கூடவே பேச்சியம்மன், சுடலைமாடன், தளவாய்மாடன், கருப்பசாமி. "உங்களுக்கு எந்த சாஸ்தா?" என்று நெல்லைச் சீமையில் ஒருவரைக் கேட்டால், அவருடைய பாட்டன் பூட்டன் எந்த ஊர் என்று கேட்டதாகத்தான் பொருள்.

முன்னோர் ஊருக்குப் போய்த் தன் வேரைத் தெரிந்துகொள்ளும் வழக்கம் உலகெங்கும் இருக்கிறது. நம்மிடம் அது ஆண்டுக்கொரு முறை தவறாமல், லட்சக்கணக்கானோர் தாமாகவே செய்யும் காரியமாக இருக்கிறது. எந்த அரசும் இதற்கு உத்தரவு போடவில்லை, எந்தச் சுற்றுலா நிறுவனமும் கூட்டம் சேர்க்கவில்லை. அந்த வகையில் இது பெருமைக்குரியது. ஆனால் பயணம் பெருகப் பெருக, அந்தப் பயணத்துக்கு அர்த்தம் கொடுத்துவந்த பாட்டு தேய்ந்துகொண்டே போகிறது. வில்லுப்பாட்டும் கணியான் கூத்தும் இல்லாமல் சாஸ்தா கோயிலுக்குப் போய்வருகிறவருக்குப் பூர்வீகத்தின் முகவரி கிடைக்கிறது. அங்கே என்ன நடந்தது என்பது கிடைப்பதில்லை. அதனால் இந்த வழக்கத்தை முழுதாகப் பாராட்டவும் முடியவில்லை, தள்ளிவிடவும் மனம் வரவில்லை.

முதலில் இதன் வலு. கோயிலைச் சேர்ந்தவர்களிடம் ஒரு வரி நோட்டு இருக்கும். கல்யாணமான ஒவ்வொரு ஆணும் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று கோயில் கொடைவிழாவுக்கு வரி. தகப்பன் பெயர், ஊர், கொடுத்த தொகை எல்லாம் அதில் ஆண்டுவாரியாக ஏறியிருக்கும். பழைய நோட்டுகளைப் பத்திரமாக வைத்திருக்கும் கோயில்களில் மூன்று நான்கு தலைமுறையின் பெயர்களை எழுத்திலேயே பார்த்துவிடலாம். எவர் எந்த ஆண்டில் கொழும்புக்குப் போனார், எவர் பெயருக்கு நேரே வெறும் கோடு விழத் தொடங்கியது என்பதெல்லாம் அதில் தெரியும். வம்ச வரலாறு எழுத வேண்டும் என்று யாரும் உட்கார்ந்து எழுதியதல்ல இது. கணக்குக்காக எழுதியது, ஆகவே பொய் குறைவு.

இன்னொரு வலு பிடிமண். பஞ்சம், சண்டை, பெண்ணெடுப்புத் தகராறு, பிழைப்பு என்று ஊரை விட்டுக் கிளம்பிய குடும்பம், பழைய கோயிலிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்துவந்து புது ஊரில் பீடம் போட்டுக்கொள்ளும். பாபநாசத்துக்கு மேலே காரையாறில் இருக்கும் சொரிமுத்து அய்யனாரைப் பல சாஸ்தா கோயில்கள் தங்கள் மூலமாகச் சொல்வது இப்படித்தான். பிடிமண் பீடங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பின்தொடர்ந்து போனால் ஒரு குடும்பம் நடந்துவந்த வழி தெரிந்துவிடும். 'எங்கள் பூர்வீகம் இந்த ஊர்தான்' என்று ஓர் ஊரில் கால் ஊன்றி நிற்பவருக்கு, அந்த ஊரும் இடையில் தங்கிய இடம்தான் என்பதைப் பிடிமண் சொல்லிவிடுகிறது. தாமிரபரணிக் கரையில் மண்ணின் மைந்தர் பேச்சு பேசுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

அதோடு, ஒரே சாஸ்தாவுக்குப் பல சாதியார் பாத்தியப்பட்டிருப்பார்கள். பொங்கலிடும் இடம் வேறாக இருக்கலாம், முதல் மரியாதையில் வழக்கு இருக்கலாம். ஆனாலும் உத்திரத்தன்று ஒரே பீடத்தின் முன்னால் நிற்கிறார்கள். குலதெய்வம் என்பது சாதியின் தெய்வம் என்று எளிதாக முடிவுகட்டுகிறவர்களுக்கு இந்தக் காட்சி இடிக்கும்.

இவ்வளவும் இடத்தால் கிடைப்பது. பாட்டால் கிடைப்பது வேறு. பங்குனி உத்திரத்துக்கோ, சித்திரை தொடங்கி ஆவணி வரை ஊரூராக நடக்கும் கொடைகளுக்கோ வில் வைப்பார்கள். நீண்ட வில், அதில் கோத்த மணிகள், வில்லோடு சேர்த்து நிறுத்திய மண்குடம், உடுக்கை, தாளம், கட்டை. நடுவில் உட்கார்ந்து வீசுகோலால் நாணைத் தட்டிப் பாடுகிறவர் அண்ணாவி அல்லது புலவர். குடியழைப்பு அன்று இரவு தொடங்கி, மதியக்கொடை, சாமக்கொடை என்று பூசையோடு பூசையாகக் கதை நகரும். கயிலாயத்தில் பிறந்து பூமிக்கு வந்த தெய்வங்களின் கதை ஒரு வகை. மனிதராகப் பிறந்து, அநியாயமாகச் செத்து, தெய்வமானவர்களின் கதை இன்னொரு வகை. இந்த இரண்டாம் வகையில், சாவு நெருங்கும்போது பாட்டின் வேகம் ஏறும். சாமியாடும் கோமரத்தாடிக்கு அருள் வரும். கேட்டுக்கொண்டிருப்பவர்களின் முப்பாட்டன் காலத்துச் சம்பவம் அந்த நிமிடத்தில் அவர்கள் கண்முன் நடக்கிறது. அமெரிக்க ஆய்வாளர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் குமரி மாவட்டத்து வில்லுப்பாட்டைப் பல காலம் கேட்டு, 1988-இல் ஒரு நூலே எழுதினார். பிறப்பும் சாவும் அந்த நூலின் தலைப்பிலேயே இருக்கின்றன.

முத்துப்பட்டன் கதையை எடுத்துக்கொள்வோம். சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனாக இருப்பவர் அவர். பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். அண்ணன்மாரோடு மனம் கசந்து வீட்டை விட்டுப் போனவர், வாலப்பகடையின் மக்களான பொம்மக்கா, திம்மக்கா என்ற இரண்டு அருந்ததியர் பெண்கள் மேல் ஆசைப்பட்டார். பூணூலை அறுத்து, குடுமியைக் களைந்து, செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டு வா என்றார் மாமனார். செய்தார். கல்யாணம் முடிந்த கையோடு மாடு கவர வந்தவர்களோடு சண்டை போட்டு, மறைந்திருந்தவன் குத்திச் செத்தார். பெண்கள் இருவரும் சிங்கம்பட்டி அரசரிடம் உத்தரவு கேட்டுத் தீப்பாய்ந்தார்கள். இன்றும் அங்கே நேர்த்திக்கடனாகத் தோல் செருப்பு வைக்கிறார்கள். தமிழ்நாட்டில் எத்தனை கோயிலில் செருப்பு காணிக்கையாக ஏறுகிறது?

ஒரு குடும்பம் தன் வம்சாவளியைத் தானே எழுதினால் இந்த மாதிரிச் செய்தி அதில் வராது. வெட்கப்பட வேண்டியது, மறைக்க வேண்டியது என்று கருதப்பட்டதெல்லாம் முதலில் நீக்கப்படும். பாட்டு அதை நீக்கவில்லை. சாதி மீறிய காதல், பங்காளி செய்த துரோகம், பசியால் செத்த பிள்ளைகள், மேல்சாதிக்காரன் செய்த கொலை எல்லாவற்றையும் ஊர் நடுவே மைக் வைத்துப் பாடியது. முன்னோர் வரலாற்றைத் தேடுகிறவருக்கு இதைவிடப் பெரிய பொக்கிஷம் கிடையாது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பாட்டையும் அப்படியே நம்பிவிட முடியாது என்பதையும் அதே முத்துப்பட்டன் கதைதான் காட்டுகிறது. நாங்குநேரியைச் சேர்ந்த நா. வானமாமலை 1970-களின் தொடக்கத்தில் கதைப்பாடல்களைப் பதிப்பித்தபோது இந்தக் கதையின் வேறுபாடுகளையும் பேசினார். பொம்மக்காவும் திம்மக்காவும் உண்மையில் பிராமணக் குழந்தைகள், காட்டில் கிடந்தவர்களை வாலப்பகடை எடுத்து வளர்த்தான் என்று ஒரு திருத்தம் பின்னால் நுழைந்திருக்கிறது. கதையின் முதுகெலும்பையே உருவிவிட்ட திருத்தம் அது. பட்டன் அறுத்த பூணூலுக்கு அப்புறம் என்ன மதிப்பு? பிராமணன் பிராமணப் பெண்களைக் கட்டிக்கொண்டான், அவ்வளவுதான். பாடுகிறவர் சொந்தமாக மாற்றியிருக்கலாம், வரி கொடுப்பவர்கள் கேட்டு மாற்றியிருக்கலாம். எப்படியானாலும், வில் வைக்கும் செலவை ஏற்பவரின் விருப்பம் வரலாற்றில் கை வைக்கும் என்பதற்கு இது சாட்சி. பூர்வீகம் தேடி ஒரே ஒரு முறை ஊருக்குப் போய், ஒரே ஒரு பாட்டைக் கேட்டுவிட்டு வருகிறவருக்குத் தாம் கேட்டது எந்த வடிவம் என்று தெரியாது.

இதைவிட ஆழமான குறை ஒன்று உண்டு. அநியாயமாகக் கொல்லப்பட்டவரைத் தெய்வமாக்குவது மரியாதையா, தப்பித்தலா? பல கதைகளில் கொன்றவர்களின் வழிவந்தவர்களே பீடம் போட்டுக் கும்பிடுகிறார்கள். ஆவி தங்கள் பிள்ளைகளைப் பிடித்துவிடக் கூடாது என்ற பயம்தான் தொடக்கம். படையல் போட்டாயிற்று, பாட்டுப் பாடியாயிற்று, கணக்கு தீர்ந்தது. கொலை நடந்தது பாட்டில் இருக்கும். அதற்கு யாரும் பொறுப்பேற்றது பாட்டில் இருக்காது. சாதி மீறிக் காதலித்தவர்கள் இன்றைக்கும் இதே மாவட்டங்களில் வெட்டுப்படுகிறார்கள். கொடையில் பட்டவராயனுக்குக் கை கூப்பும் கூட்டத்துக்கும், சொந்தத் தெருவில் அதே காதலைப் பொறுக்காத கூட்டத்துக்கும் நடுவே பெரிய இடைவெளி இல்லை. தெய்வமாக்கிவிட்டால் அந்த மனிதர் நம்மைக் கேள்வி கேட்க முடியாத உயரத்துக்குப் போய்விடுகிறார். பூர்வீகப் பயணத்தை வெறும் பெருமிதமாக எடுத்துக்கொள்கிறவர்கள் இந்த இடத்தில்தான் நின்று யோசிக்க வேண்டும்: என் முன்னோர் குத்துப்பட்டவரா, குத்தியவரா?

குறை உள்ளதாயினும் அந்தப் பாட்டு இருந்தால்தானே இந்தக் கேள்வியாவது எழும்? இப்போது அதுவே அரிதாகிவருகிறது. கொடைகளில் வில்லுக்கு ஒதுக்கிய பணம் கேரளத்துச் செண்டைமேளத்துக்குப் போகிறது. செண்டை நல்ல வாத்தியம். ஆனால் அது இந்தச் சாமியின் கதையைச் சொல்லாது. 2000-ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகளின்படி இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. கதையின் சாவுக்கட்டமோ சாமத்தில் வருவது. தூங்குகிறவர்களின் உரிமையும் நியாயம்தான். ஆனால் ஒலியைக் குறைத்துக்கொண்டு கதையை வைத்துக்கொள்வதற்குப் பதிலாக, பல ஊர்களில் கதையையே பத்து மணிக்குள் சுருக்கிவிட்டார்கள். வெளியூரிலிருந்து வந்த குடும்பங்களுக்கும் அது வசதி. மதியப் படைப்பு முடிந்ததும் சாப்பிட்டுவிட்டு வண்டி ஏறிவிடுவார்கள். சில பெரிய கோயில்கள் கும்பாபிஷேகம் செய்து, கருங்கல் மண்டபம் எழுப்பி, ஆகமப் பூசைக்கு மாறிவிட்டன. சுவரில் தலவரலாறு என்று எழுதியிருப்பதில் செத்தவரின் கதை இருக்காது, அவதாரம் இருக்கும்.

வில் பூசையைவிட்டு வெளியே வந்து மேடையேறிய வரலாறும் உண்டு. நெல்லை மாவட்டத்தில் பிறந்த சுப்பு ஆறுமுகம் காந்தி கதை முதல் நாட்டு நடப்பு வரை வில்லில் பாடினார். 2021-இல் பத்மஸ்ரீ பெற்று, 2022-இல் மறைந்தார். வில்லின் பெயரைத் தமிழ்நாடு முழுக்கக் கொண்டுபோனதில் அவருடைய பங்கு பெரிது. அதே சமயம், மேடை வில்லைக் கேட்டு வளர்ந்த ஒரு தலைமுறை, 'தந்தனத்தோம்' என்று தொடங்கி நகைச்சுவையோடு அறிவுரை சொல்லும் நிகழ்ச்சிதான் வில்லுப்பாட்டு என்று எண்ணிவிட்டது. ஊர்ச் சாமியின் சாவுக்கதையை மூன்று நாள் பாடும் அண்ணாவியை அந்தத் தலைமுறைக்குத் தெரியாது.

கணியான் கூத்தின் நிலைமை இதைவிடக் கடினம். கங்கைகொண்டானுக்குத் தென்கிழக்கே, சிற்றாறு தாமிரபரணியோடு சேரும் சீவலப்பேரியில் பெயர்பெற்ற சுடலை கோயில் இருக்கிறது. சுடலைக்குக் கொடை என்றால் மகுடம் என்ற தோற்கருவி ஒலிக்க வேண்டும். உச்சம், மந்தம் என்று இரண்டு மகுடங்கள். பெண்வேடம் கட்டி ஆடும் ஆண்கள். கதை பாடும் அண்ணாவி. பழங்குடிப் பட்டியலில் உள்ள கணியான் சமூகத்தார் மட்டுமே செய்யும் கலை இது. கைவெட்டு என்று கையைக் கீறி இரத்தம் கொடுக்கும் சடங்கும் அவர்கள் தலையில்தான். ஊராருக்குச் சாமியின் கதை தெரிய வேண்டும். அதற்கு இரத்தம் சிந்துகிறவர் வேறு வீட்டார். அந்தச் சடங்கைக் கைவிட்டுக் கலையை மட்டும் காப்பாற்றுவதில் எந்தப் பாவமும் இல்லை. அவர்களுடைய பிள்ளைகள் சாதிச் சான்றிதழுக்கு அலைந்த கதைகள் இந்த வட்டாரத்தில் புதிதல்ல. தன் பூர்வீகத்தைத் தேடி ஆயிரம் கிலோமீட்டர் வந்தவர், அந்தப் பூர்வீகத்தை மனப்பாடமாக வைத்திருப்பவரிடம் சம்பளத்தில் ஐநூறு ரூபாய்க்குப் பேரம் பேசுவது எனக்குப் பொறுக்கவில்லை.

சாஸ்தா எது என்றே தெரியாமல் போன குடும்பங்களும் ஏராளம். அவர்கள் முதலில் போவது ஜோதிடரிடம், பிரசன்னம் பார்ப்பவரிடம், குறி சொல்பவரிடம். வீட்டில் ஒரு கஷ்டம் வரும், குலதெய்வத்தை மறந்ததுதான் காரணம் என்பார்கள், சோழி உருட்டி ஓர் ஊர்ப்பெயர் சொல்வார்கள். பயத்தில் பிறந்த தேடல் பெரும்பாலும் முதலில் கிடைத்த பதிலோடு நின்றுவிடும். கையில் இருக்கும் சான்றுகளையோ யாரும் புரட்டுவதில்லை: பழைய கிரயப் பத்திரம், கல்யாணப் பத்திரிகை, நில அளவைப் பதிவேடு, பங்காளி வீட்டு வரி நோட்டு. கிறிஸ்தவத்துக்கு மாறிய நெல்லைக் குடும்பங்கள் பலவற்றுக்குச் சபைகளின் ஞானஸ்நானப் பதிவேடு இருக்கிறது. தங்கள் பழைய ஊரை அவர்கள் அதில் தேடிப் பார்க்கலாம்.

சீன வம்சாவளி அமெரிக்கர்களின் அனுபவம் இங்கே உதவும். 1882-இல் அமெரிக்கா சீனர் விலக்குச் சட்டம் கொண்டுவந்தது. 1906 சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத் தீயில் பிறப்புப் பதிவுகள் எரிந்துபோகவே, ஏற்கெனவே குடியுரிமை உள்ளவரின் மகன் என்று காகிதத்தில் பெயர் மாற்றிக்கொண்டு பலர் நுழைந்தார்கள். அதிகாரிகள் அவர்களை நாள்கணக்கில் குடைந்தார்கள்: ஊரில் எத்தனை வீடு, கிணறு எந்தப் பக்கம், அடுத்த வீட்டில் யார்? நுழையவிடாமல் தடுப்பதற்காக எழுதப்பட்ட அந்தக் கோப்புகள்தாம் பேரப்பிள்ளைகளுக்கு ஊரைக் காட்டின. 1991-இல் ஹிம் மார்க் லாய், ஆல்பர்ட் செங் ஆகியோர் தொடங்கிய திட்டத்தில், இளைஞர்கள் முதலில் ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து குடும்பக் கோப்பைப் படிப்பார்கள், பெரியவர்களிடம் கேட்டு எழுதுவார்கள். அதற்குப் பிறகுதான் சீனாவின் முத்து நதி டெல்டா ஊர்களுக்குப் பயணம். பாட்டும் அவர்களுக்குத் துணை நின்றது. தைஷான் வட்டாரத்தின் முக்-யூ என்னும் கதைப்பாடல் மரபில் கடல் கடந்துபோனவர்களின் துயரமும் ஊரில் காத்திருந்த மனைவியரின் துயரமும் இருந்தன. நியூயார்க் சைனாடவுனில் அதைப் பாடிவந்த இங் ஷியுங் சி என்ற முதியவருக்கு அமெரிக்க அரசு 1992-இல் தேசியப் பாரம்பரியக் கலைஞர் விருது கொடுத்தது. தாய்மண்ணை விட்ட பாட்டுக்காரரை அடைக்கலம் தந்த நாடு மதித்தது.

நம் கடல் கடந்தவர்களுக்கு இரண்டு விதமான கதி. 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன 1,52,000-க்கும் மேற்பட்டவர்களுக்குக் கப்பல் பட்டியல் உண்டு. பெயர், தகப்பன் பெயர், சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள அங்க அடையாளம் எல்லாம் அதில் இருக்கும். வெள்ளைக்காரக் குமாஸ்தாவின் காதில் விழுந்தபடி எழுதிய ஊர்ப்பெயரைக் கண்டுபிடிப்பது சிரமம். ஆனாலும் பிடிக்க ஒரு நூல் இருக்கிறது. நெல்லையிலிருந்து பெருவாரியாகப் போனது இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு. கங்காணி திரட்டிக்கொண்டு போன கூட்டங்கள் அவை. அவர்கள் கழுத்தில் தோட்டத்தின் எண் பொறித்த தகரத் துண்டு தொங்கியது. அதில் அவர்களுடைய ஊர்ப்பெயர் இல்லை. புதுமைப்பித்தன் 'துன்பக் கேணி' கதையில் எழுதிய மருதி அந்த வழியில் போனவள். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தபோது, திரும்பி வந்தவர்களில் எத்தனையோ பேருக்குப் போய்ச் சேர ஓர் ஊர் இல்லை. அவர்களுக்குப் பூர்வீகம் தேடுவது உல்லாசமல்ல. சாமி பெயரும், தோட்டத்தில் பாட்டன் பாடிய கதையும் மட்டுமே கையில் இருக்கும். அந்தக் கதையை இங்கே எந்த ஊரில் பாடுகிறார்கள் என்று ஓர் அண்ணாவியால் சொல்லிவிட முடியும். ஊரூராகப் பாடித் திரிந்த அவருக்கு, எந்தச் சாமி எந்தெந்த ஊரில் பிடிமண்ணாக இருக்கிறது என்பது தொழில் அறிவு. பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறை போன்ற இடங்களில் திரட்டியிருக்கும் பாட்டுகளையும் ஊர்ப்பெயரோடு சேர்த்து ஓர் அட்டவணையாக்கினால், பிரசன்னக்காரருக்குக் கொடுக்கும் பணத்தில் பாதி மிச்சமாகும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறையைக் கடைசியாக வைத்ததற்குக் காரணம், அதைப் பற்றி யாருமே குறையாகப் பேசுவதில்லை என்பதுதான். கல்யாணமானதும் பெண்ணுக்குப் புருஷன் வீட்டு சாஸ்தாவே சாஸ்தா. வரி நோட்டில் அவள் பெயர் எங்கேயும் வராது. சீனக் குடும்பங்களின் வம்சாவளி ஏடுகளிலும் பெண்மக்களுக்கு இதே கதிதான். பாட்டனுக்குப் பாட்டன் தலைமுறையில் ஒருவருக்கு 16 முன்னோர்கள். உத்திரத்தன்று நாம் போய்க் கும்பிடுவது அந்தப் 16 பேரில் ஒரே ஒருவரின் சாமியை. மீதி 15 பேரின் ஊரும் கதையும் ரத்தமும் நமக்குள் இருக்கின்றன, நாம் போவதில்லை. ஒரு ஊரைக் காட்டி 'என் பூர்வீகம்' என்று மார்தட்டும்போது மற்ற 15 ஊர்களை மறுத்துவிட்டுத்தான் தட்டுகிறோம். சாதிப் பெருமைக்கு இந்த ஒற்றைக்கோட்டுக் கணக்கு மிக வசதி.

அம்மா வழிக்கு வரி நோட்டு இல்லை, பீடம் இல்லை. பாட்டு இருக்கிறது. தாலாட்டில் தாய்மாமன் எந்த ஊரிலிருந்து என்ன சீர் கொண்டுவந்தான் என்று வரும். ஒப்பாரியில் பிறந்த வீட்டு வாசலும், அண்ணன் தம்பி பெயரும், அவள் விட்டுவந்த குளமும் தோப்பும் வரும். வில்லுப்பாட்டைத் திரட்டிய அளவுக்குக்கூட இவற்றை ஊர்ப்பெயரோடு, குடும்பத்தோடு சேர்த்து யாரும் திரட்டியதாகத் தெரியவில்லை. ஒப்பாரி பாடத் தெரிந்த ஆச்சிமார் கங்கைகொண்டானிலும் சுற்றுப்பட்டுக் கிராமங்களிலும் இன்னும் இருக்கிறார்கள். சாவு வீட்டில் பாடும்போது போனை நீட்டக் கூடாது, மற்ற நாளில், பக்கத்தில் உட்கார்ந்து, "ஆச்சி, ஒங்க அம்மைக்கு அம்மை எந்த ஊரு?" என்று கேட்டால் அவர்களே பாட்டோடு சேர்த்துச் சொல்வார்கள்.